மினுங்கும் தாங்கி

இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் இரவு முறை பார்ப்பவன் டோர்ச் லைட்டை நம்பக்கூடாது. எனக்குத் தொழில் பழக்கியவர் சொல்லித்தந்த முதற் பாடம் அது. தாங்கிக்குக் கிட்டப் போனதும் டோர்ச்சை அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகும்வரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றுக் கல்லிலிருந்து குமிழி எழும்பும் சத்தம் மட்டும் கேட்கும். தண்ணீர் வெறும் கறுப்பாகத் தெரிந்தால் போய்ப் படுக்கலாம். நீலமும் பச்சையும் கலந்த பொட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதந்தால், "தாங்கி மினுங்குது" என்று முதலாளியை எழுப்ப வேண்டும். அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு குடம்பி. செத்துப்போனது, அல்லது விடியுமுன் சாகப்போவது.

எங்கள் புத்தளக் கரையின் உடப்புக் கடலில் இராத்தொழிலுக்குப் போகிறவர்களுக்கு மினுக்கம் புதிதல்ல. துடுப்புப் பட்டால் தெறிக்கும், வலையை இழுத்தால் கயிறு வழியே வழியும். அது வேறு சாதி. டைனோபிளாஜெலேட் என்ற ஒற்றைக்கல உயிரி, யாராவது தொந்தரவு செய்தால் ஒரு கணம் வெளிச்சம் விட்டு அணைந்துவிடும். தாங்கிக்குள் வருவது அணையாத வெளிச்சம். அதை உண்டாக்குவது பக்டீரியா, பெரும்பாலும் விப்ரியோ ஹார்வேயி. 1995 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் இந்து சமுத்திரத்தில் ஒரு கப்பல் பால்போல் வெளுத்த கடலைக் கண்டு குறிப்பெழுதியிருந்தது. அதே இரவுகளின் செய்மதிப் படங்களைப் பின்னர் தேடியெடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 15,400 சதுர கிலோமீற்றர் கடல் ஒரே சீராக ஒளிர்ந்தது தெரிந்தது. 2005இல் வெளியான அந்த ஆய்வும் சந்தேகப்பட்டது இந்தக் கிருமியைத்தான்.

ஆனால் இந்தக் கிருமி நம் கடல் நீரில் எப்போதும் இருக்கிறது. ஒரு வாளி கடல் நீரை இருட்டில் வைத்துப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. கிருமி இருந்தும் வெளிச்சம் இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை, ஏறக்குறைய நூறு எழுத்து நீளமுள்ள சில ஆர்.என்.ஏ. துண்டுகளில் இருக்கிறது. அதை அறிந்த பிறகு நான் தாங்கியைப் பார்க்கும் விதமும் கழுவும் விதமும் மாறின. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கரையில் இறால் வளர்ப்பு சூடு பிடித்தது எண்பதுகளில். சிலாபத்துக்கு வடக்கே ஆராச்சிக்கட்டு, பத்துளுஓயா, முந்தல் என்று புத்தளம் களப்பு வரைக்கும், ஒல்லாந்தர் கால்வாயை ஒட்டிக் குளங்கள் வெட்டப்பட்டன. குளத்துக்குக் குஞ்சு வேண்டும், குஞ்சு பொரிக்கத் தெளிந்த கடல் நீர் வேண்டும். அதனால் பொரிப்பகங்கள் கடலைப் பார்த்துக் குந்தின. எண்பதுகளின் கடைசியில் ஒரு வைரஸ் வந்து ஆட்டிவிட்டுப் போனது. 1996இல் வெண்புள்ளி வைரஸ் நோய் வந்தது. அந்த வருடத்தைப் பற்றி இங்கே யாரிடமும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடம் கழித்து, 1998இன் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, நாங்கள் சொல்லும் நெக்டா, உருவானது. குஞ்சை பி.சி.ஆர். பார்த்த பிறகே குளத்தில் விட வேண்டும் என்ற ஒழுங்கும், வலயத்துக்கு வலயம் இன்ன மாதம் குஞ்சு விடலாம் என்ற காலண்டரும் அதன் பிறகு வந்தவை. வைரஸ் எங்களுக்கு ஒழுக்கம் கற்றுத் தந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பக்டீரியா விஷயத்தில் அந்த ஒழுக்கம் வரவில்லை. பக்டீரியாவுக்கு மருந்து இருந்ததே காரணம்.

மருந்தைப் பற்றிச் சொல்லுமுன் வேலையைச் சொல்கிறேன். கடலில் பிடித்த கறுப்புப் புலி இறாலின் பெட்டையைத் தாய் இறால் என்போம். அதன் கண் தண்டு ஒன்றை வெட்டிவிடுவார்கள். முட்டை முதிர்வதைத் தடுக்கும் சுரப்பு கண் தண்டில் இருப்பதால், ஒன்றை எடுத்துவிட்டால் முட்டை வேகமாக முதிரும். பார்க்கச் சகிக்காத வேலை, ஆனாலும் அப்படித்தான் இந்தத் தொழில் ஓடியது. ஒரே இரவில் லட்சக்கணக்கில் முட்டை விழும். பொரித்து வரும் நௌப்ளியஸ் தன் மஞ்சட்கருவிலேயே ஒன்றிரண்டு நாள் வாழும். பிறகு சோயியா. அதற்குக் கீட்டோசெரஸ் என்ற பாசி கொடுக்க வேண்டும். அடுத்து மைசிஸ், அதற்கு ஆர்டீமியாக் குஞ்சு. எல்லாம் சரியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு நாளில் பின்குடம்பி, அதாவது பி.எல். வெப்பநிலை 28 முதல் 30 பாகை, உப்பு ஆயிரத்துக்கு 30 பங்கு. இளஞ்சூடு, நல்ல காற்று, பாசி, மலம், மிஞ்சிய தீனி. இறால் குஞ்சுக்கென்று நாங்கள் செய்யும் ஏற்பாடு முழுவதும் விப்ரியோவுக்கும் செய்யும் ஏற்பாடு.

ஒளிரும் விப்ரியோ அடிப்பது பெரும்பாலும் சோயியாவையும் மைசிஸையும். பின்னேரம் நீந்திக்கொண்டிருந்த குஞ்சு இரவில் தளரும், உடம்பு வெளுக்கும், குடல் வெறுமையாகும். காலையில் அடியில் ஒரு வெள்ளைப் படலமாகக் கிடக்கும். தாங்கியைத் திறந்துவிட்டு வெறும் சிமெந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர அப்போது வேறு வேலை இல்லை.

அதனால்தான் மருந்து. நான் சேர்ந்த காலத்தில் இந்தக் கரையின் பல பொரிப்பகங்களில் நுண்ணுயிர்க்கொல்லி, தீனி அட்டவணையின் ஒரு பகுதிபோல் இருந்தது. நோய் வந்தால் போடுவது ஒன்று. வராமல் இருக்கப் போடுவது இன்னொன்று, அதுதான் அதிகம். குளோரம்பெனிகோல்கூடப் புழங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் உணவு விலங்குகளுக்கு அதை 1994இலேயே தடை செய்துவிட்டது. அதே 1994இல் மங்களூரின் இந்திராணி கருணாசாகரும் கூட்டாளிகளும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தியப் பொரிப்பகம் ஒன்றில் புலி இறால் குடம்பிகள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம், பல மருந்துகளுக்கு மசியாத விப்ரியோ ஹார்வேயி என்று அதில் காட்டியிருந்தார்கள். மசியாத மருந்துகளில் குளோரம்பெனிகோலும் ஒன்று. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இது தெரிந்திருந்த காலத்தில் இந்தப் பக்கம் நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தோம்.

யுத்தம் முடிந்த பிறகு, மாக்கந்துரையில் உள்ள வயம்பப் பல்கலைக்கழகப் பீடத்திலிருந்து பயிற்சிக்கென்று ஒரு பிள்ளை வந்தாள். ஊர் மட்டக்களப்பு. விப்ரியோவை எண்ணுவதற்கான டி.சி.பி.எஸ். தட்டு போடுவது பொரிப்பகத்தில் எங்களுக்கும் வழக்கம்தான். தண்ணீரைத் தட்டில் தடவி, மறுநாள் மஞ்சள் கூட்டம் எத்தனை, பச்சைக் கூட்டம் எத்தனை என்று எண்ணுவோம். பச்சை கூடினால் பயம். அவள் அதோடு நிற்கவில்லை. கடல் நீர் அகார் தட்டுகளை உரச் சாக்கு அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சில தட்டுகளில் கூட்டங்கள் ஒளிர்ந்தன. அதே தாங்கியிலிருந்து எடுத்த திரவ வளர்ப்பு, அதே கிருமி, முந்திய மணித்தியாலங்களில் இருட்டாக இருந்தது. பிந்தி எடுத்தது ஒளிர்ந்தது.

"அங்கிள், இதுகள் தங்களைத் தாங்களே எண்ணுதுகள்."

"கிருமிக்கு எண்ணத் தெரியுமா மகள்?"

"எண்ணத் தெரியாது. தண்ணியில தங்கட சாமான் எவ்வளவு சேர்ந்திருக்கு எண்டு தெரியும். அது காணும்."

உடப்பில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். நாலைந்து பேர் நின்று அந்த மடியை இழுக்க முடியாது, இழுத்தால் வியர்வைதான் மிச்சம். ஆள் சேரும்வரை கயிறு மணலில் கிடக்கும். சேர்ந்ததும் அம்பாப் பாட்டு எழும்பும், எல்லாருடைய காலும் ஒன்றாகப் பின்னால் போகும். ஒரு கிருமி தனியே விளக்கெரிப்பது வெறும் செலவு. அந்த வெளிச்சத்தை உண்டாக்கும் நொதியங்களைக் கட்டக் கலத்துக்கு நிறையச் சக்தி போகும், ஒற்றைக் கிருமியின் வெளிச்சத்தை யாரும் காணப்போவதுமில்லை. அதனால் கூட்டம் சேரும்வரை விளக்கைத் தொடாது.

கூட்டம் சேர்ந்ததை அறிய ஒவ்வொரு கிருமியும் சில சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கென்னத் நீல்சனும் வுடி ஹேஸ்டிங்ஸும் இன்னொரு ஒளிரும் கிருமியில் 1970இலேயே இதன் அடிப்படையைக் கண்டிருந்தார்கள். அப்போது நம்பியவர் குறைவு. விப்ரியோ ஹார்வேயியில் இதைத் துருவித் துருவிப் பார்த்தது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பொனி பாஸ்லர் குழு. ஹார்வேயி ஒன்றல்ல, மூன்று சமிக்ஞைகளை வெளியிடுகிறது. ஒன்று தன் இனத்துக்கு. ஒன்று விப்ரியோக் குடும்பத்துக்கு. மூன்றாவதைப் பல வேறு இனக் கிருமிகளும் உண்டாக்கும், அதன் கட்டமைப்பில் போரன் இருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். கடல் நீரில் போரனுக்குப் பஞ்சமில்லை.

இந்த மூன்று சமிக்ஞையும் கடைசியில் போய் நிற்கும் இடம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பாடசாலையில் படித்தது இதுதான்: டி.என்.ஏ.யிலுள்ள பரம்பரையலகு தூது ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்படும், இறைபோசோம் அந்தத் தூதை வாசித்துப் புரதம் கட்டும். பரம்பரையலகைத் திறப்பதும் மூடுவதும் புரதங்களின் வேலை. ஆர்.என்.ஏ. வெறும் தூது. அப்படித்தான் விஞ்ஞானிகளும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1984இல் மசயோரி இனோயேயின் குழு, ஈ.கோலை கிருமியில் மிக்-எஃப் என்ற சிறு ஆர்.என்.ஏ.யை அறிவித்தது. அது எந்தப் புரதத்துக்கும் தூதல்ல. கிருமியின் வெளிச் சவ்விலுள்ள ஒரு துளைப் புரதத்தின் தூதோடு எழுத்துக்கு எழுத்து இணைந்து, அந்தப் புரதம் உண்டாகாமல் தடுப்பதே அதன் வேலை. பின்னர் இப்படிப் பல அகப்பட்டன. இரும்பு குறையும்போது, இரும்பைத் தின்னும் அவசியமற்ற புரதங்களின் தூதுகளைத் தேடித்தேடிச் சிதைக்கும் ரைஹெச்-பி என்ற சிறு ஆர்.என்.ஏ.யை 2002இல் எரிக் மஸ்ஸேயும் சூசன் கோட்டெஸ்மனும் விவரித்தார்கள். இவற்றில் பெரும்பாலானவை தனியே வேலை செய்வதில்லை. ஹெச்.எஃப்.கியூ. என்ற, ஆறு துண்டுகள் வளையமாகச் சேர்ந்த ஒரு புரதம் சிறு ஆர்.என்.ஏ.யையும் தூதையும் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்து வைக்கிறது. அந்தப் புரதத்தை 1968இலேயே கண்டிருந்தார்கள், ஆனால் கிருமியைத் தாக்கும் ஒரு வைரஸ் பெருகத் தேவையான பொருளாக மட்டும். அதன் உண்மையான உத்தியோகம் தெரிய முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்தது.

2004இல் பாஸ்லர் குழு ஹார்வேயியில் தேடிக்கொண்டிருந்தது, விளக்கை அடக்கி வைத்திருக்கும் ஏதோ ஒரு புரதத்தை. அகப்பட்டது அப்படியொரு தனிப் புரதமல்ல. ஹெச்.எஃப்.கியூ.வும், அதோடு சேர்ந்து இயங்கும் சிறு ஆர்.என்.ஏ.க்களும். அவற்றுக்குக் கியூ.ஆர்.ஆர். என்று பெயர் வைத்தார்கள். ஹார்வேயியில் ஐந்து, கொலராக் கிருமியில் நான்கு.

வேலை இப்படி நடக்கிறது. கிருமிகள் ஐதாக இருக்கையில் தண்ணீரில் சமிக்ஞை இல்லை. கலச் சவ்விலுள்ள ஏற்பிகள் வெறுமையாக இருக்கும். வெறுமையான ஏற்பி சும்மா இருக்காது. அது பொசுபேற்றுக் கூட்டத்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கைமாறிக் கடைசியில் லக்ஸ்-ஓ என்ற புரதத்தில் ஏறும். பொசுபேற்று ஏறிய லக்ஸ்-ஓ, கியூ.ஆர்.ஆர். பரம்பரையலகுகளைத் திறந்துவிடும். சிறு ஆர்.என்.ஏ.க்கள் ஏராளமாக உண்டாகும். அவை ஹெச்.எஃப்.கியூ.வின் துணையோடு லக்ஸ்-ஆர் என்ற புரதத்தின் தூதைப் பிடித்துச் சிதைக்கும். லக்ஸ்-ஆர்தான் ஒளியின் பரம்பரையலகுகளைத் திறக்க வேண்டிய புரதம். அது இல்லை, ஆகவே ஒளியில்லை. கூட்டம் சேர்ந்து சமிக்ஞை ஏற்பிகளை நிரப்பியதும் எல்லாம் தலைகீழாகும். ஏற்பிகள் பொசுபேற்றைத் திருப்பி எடுத்துவிடும். லக்ஸ்-ஓ ஓய்ந்துவிடும். புதிய கியூ.ஆர்.ஆர். வராது. லக்ஸ்-ஆர் தூது பிழைத்து, புரதமாகி, தாங்கி மினுங்கும்.

இதில் நான் கவனித்த நுட்பம் ஒன்று. நாம் நினைப்பதுபோல் கிருமி கூட்டம் சேர்ந்ததும் ஒரு விளக்கைப் போடுவதில்லை. தனியாக இருக்கும்வரை அடக்கிக்கொண்டே இருக்கிறது, கூட்டம் சேர்ந்ததும் அடக்குவதை நிறுத்துகிறது. அடக்கும் வேலைக்கு ஆர்.என்.ஏ. வசதியானது. படியெடுத்த உடனே வேலைக்குத் தயார், புரதமாகக் கட்டும் நேரமும் செலவும் இல்லை.

பயிற்சி முடிந்து போன பிறகும் அந்தப் பிள்ளை எனக்குக் கட்டுரைகள் அனுப்பிக்கொண்டிருந்தாள். 2015இல் வந்த ஒன்றை மட்டும் பல தரம் வாசித்தேன். ஒரே கியூ.ஆர்.ஆர்., நாலு தூதுகளை நாலு விதமாக நடத்துகிறது என்பது அதன் செய்தி. லக்ஸ்-ஆர் தூதைச் சிதைத்துவிட்டுத் தான் தப்பி அடுத்ததைப் பிடிக்கப் போகும். சமிக்ஞை உண்டாக்கும் லக்ஸ்-எம்மின் தூதைச் சிதைக்கும்போது தானும் சேர்ந்து அழியும். தன்னையே உண்டாக்கிய லக்ஸ்-ஓவின் தூதைச் சிதைக்காமல் கட்டிப்பிடித்து முடக்கி வைக்கும், அதனால் தன் உற்பத்தி மட்டுமீறிப் போகாது. நாலாவது நேர்மாறு. ஆஃப்-ஏ என்ற புரதத்தின் தூது மடிந்து கிடப்பதால் இறைபோசோம் இறங்க இடமில்லை. கியூ.ஆர்.ஆர். ஒட்டியதும் மடிப்பு விரிந்து, அந்தப் புரதம் உண்டாகும். ஆஃப்-ஏ தனிமைக் காலத்துக்கான அதிகாரி, லக்ஸ்-ஆர் கூட்டத்துக்கான அதிகாரி. நூறு எழுத்துள்ள ஒரு துண்டு ஒரே நேரத்தில் ஒருவரை இறக்கி மற்றவரை ஏற்றுகிறது.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

தாங்கித் தண்ணீரில் விப்ரியோ எத்தனை என்று தட்டு சொல்வது முழுத் தாங்கிக்குமான சராசரி. கிருமி சராசரியைப் பார்ப்பதில்லை. தன்னைச் சுற்றியுள்ள மிகச் சிறிய இடத்தில் சமிக்ஞை எவ்வளவு என்பதையே பார்க்கிறது. தண்ணீர் முழுக்க ஐதாக இருந்தாலும், செத்த குடம்பி ஒன்றின் வயிற்றுக்குள் அது பெருங்கூட்டம். அங்கே கியூ.ஆர்.ஆர். ஓய்ந்துவிட்டது. தண்ணீர் கறுப்பாக இருக்க, பொட்டுப் பொட்டாகக் குடம்பி மட்டும் ஒளிர்வது இதனால்தான். இவ்வளவு காலம் பார்த்தும் இந்தக் காட்சிக்கு எனக்குக் காரணம் தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் கூட்டம் சேரும் இடங்கள் எவை? தாங்கியின் அடி மூலை, காற்றுக் குழாயின் உட்பக்கம், கல், வலைத்துணியின் மடிப்பு, சுவரில் கை வைத்தால் வழுக்கும் படலம். கருணாசாகர் குழுவே 1996இல் காட்டியது: சிமெந்து, பிளாஸ்டிக், உருக்கு என்று எந்தப் பரப்பிலும் ஹார்வேயி படலம் கட்டும், தண்ணீரில் மிதக்கும் கிருமியைக் கொல்லும் குளோரின் அளவு அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றைக் கொல்லப் போதாது. குளோரின் ஊற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊற்றுமுன் தேய்க்க வேண்டும். தேய்த்து, குளோரின் போட்டு, வெயிலில் எலும்பாகக் காய வைத்த பிறகே அடுத்த சுற்று. நான் பொறுப்பெடுத்த இடங்களில் குழாயும் கல்லும் ஒரு சுற்று வேலை செய்தால் ஒரு சுற்று வெயிலில் கிடக்கும். இரட்டைச் செலவு என்று முதலாளிமார் முணுமுணுப்பார்கள். ஒரு தாங்கி போனால் எவ்வளவு என்று கணக்குக் காட்டினால் நிறுத்துவார்கள்.

அடுத்தது தாய் இறால். பிலிப்பைன்ஸின் செலியா லவில்லா-பிட்டோகோ தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பொரிப்பகத்துக்கு ஒளிரும் விப்ரியோ வரும் வழிகளைத் தேடிப் பார்த்தார். கடல் நீரைவிடப் பெரிய வாசல், முட்டையிடும் இரவில் தாய் கழிக்கும் மலம். ஆகவே முட்டை விழுந்ததும் தாயை எடுத்துவிட வேண்டும். முட்டையையும் நௌப்ளியஸையும் சுத்தமான நீரில் நன்றாகக் கழுவிய பிறகே வளர்ப்புத் தாங்கிக்கு மாற்ற வேண்டும். அடியில் சேரும் அழுக்கைத் தினமும் சைபன் பண்ணி எடுக்க வேண்டும், குஞ்சு கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. மருந்துக்குச் செலவழித்த காலத்தில் நாங்கள் சைபனுக்குச் சோம்பல் பட்டோம் என்பதே உண்மை.

ஆனால் ஒளி இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. மினுக்கம் நஞ்சல்ல. ஒளிராத விப்ரியோக்களும் கொல்லும். ஈரல்கணையத்தை அழிக்கும் கடும் நோய் ஒன்று 2009 அளவில் சீனாவில் தலைகாட்டி ஆசியா எங்கும் பண்ணைகளைக் காலி பண்ணியது. அதற்குக் காரணம் விப்ரியோ பராஹீமோலிட்டிகஸின் சில வகைகள் என்று 2013இல் தெரிந்தது. அந்த வகைகளுக்கு நஞ்சைக் கொடுத்தது, கிருமிக்குக் கிருமி கைமாறக்கூடிய ஒரு பிளாஸ்மிட். அந்தக் கிருமி இருட்டில் எதையும் காட்டாது.

இன்னும் சிக்கல் உண்டு. ஹார்வேயி மற்றக் கலங்களுக்குள் புரதங்களை ஏற்றும் ஊசி போன்ற ஒரு கருவியை வைத்திருக்கிறது. கூட்டம் சேர்ந்ததும் அந்தக் கருவியை அது அடக்கிவிடும் என்று பாஸ்லர் குழு 2004இல் காட்டியது. அதாவது கியூ.ஆர்.ஆர். மிகுந்திருக்கும் ஐதான காலத்தில்தான் அந்த ஊசி வெளியே. கொலராக் கிருமியும் இதே மாதிரி, குடலில் குறைவாக இருக்கும் ஆரம்பத்தில்தான் நஞ்சு. மறுபக்கம், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் தோம் டெஃபோர்ட்டும் கூட்டாளிகளும் 2005இல் கிருமியற்ற ஆர்டீமியாவில் சோதித்தபோது, சமிக்ஞைப் பாதை பழுதான ஹார்வேயிகளில் சிலவற்றின் கொல்லும் வலு குறைந்தது. ஒரே பாதை ஒரு ஆயுதத்தை ஏற்றி இன்னொன்றை இறக்குகிறது. சமிக்ஞையைக் குழப்பினால் போதும், நோய் தீர்ந்தது என்று சொல்கிறவர் பாதிக் கதை சொல்கிறார்.

பெயரிலும் ஒரு வேடிக்கை. இத்தனை ஆராய்ச்சிக்கும் ஆதாரமான பிரின்ஸ்டன் ஹார்வேயியின் முழு டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 2010இல் அது ஹார்வேயியே அல்ல, விப்ரியோ கம்பெல்லி என்று அறிவித்தார்கள். தாய்லாந்தில் ஒளிர்ந்து செத்த இறாலிலிருந்து எடுத்த இன்னொரு கிருமியும் அப்படியே. எங்கள் தாங்கிகளில் எத்தனை ஹார்வேயி, எத்தனை கம்பெல்லி என்பதைத் தட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுவுகிறவனுக்கு வித்தியாசமில்லை.

கறுவாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2008இல் கெண்ட் ஆய்வாளர்கள் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். கறுவாப் பட்டைக்கு வாசம் தரும் சின்னமல்டிஹைட், கிருமியைக் கொல்லாத அளவில், லக்ஸ்-ஆர் புரதம் டி.என்.ஏ.யில் ஒட்டும் வலுவைக் குறைக்கிறது, ஆர்டீமியா பிழைக்கும் விகிதம் கூடுகிறது. கியூ.ஆர்.ஆர். தூது மட்டத்தில் செய்யும் அடக்கலை, இது புரத மட்டத்தில் செய்கிறது. கறுவா மணக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதைப் பெல்ஜியத்துக் கட்டுரையில் படிப்பது எனக்குக் கொஞ்சம் ரோசமாகத்தான் இருந்தது. கற்பிட்டியில் நாரா நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இருக்கிறது, பத்துளுஓயாவில் நெக்டா இருக்கிறது, மாக்கந்துரையில் பீடம் இருக்கிறது. புலி இறாலிலும், இப்போது வந்திருக்கும் வன்னாமி இறாலிலும், எங்கள் நீரில், எங்கள் வெப்பத்தில் இதைச் சோதித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்ல இந்த மூன்றும் போதும்.

அதுவரை பொரிப்பக வாசலுக்குப் போத்தலோடு வருகிறவர்கள் குறையப்போவதில்லை. "கிருமி பேசுவதை நிறுத்தும் மருந்து" என்றுகூட இப்போது சொல்கிறார்கள். தொழிலில் இருக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். வாங்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இது கிருமியைக் கொல்கிறதா, அதன் சமிக்ஞையைக் குழப்புகிறதா? கொல்கிறது என்றால் உள்ளே இருக்கும் மருந்து எது, அதன் எச்சம் இறாலில் எத்தனை நாள் நிற்கும்? குழப்புகிறது என்றால் எந்தப் புரதத்தில், எந்த இறாலில், எந்தப் பருவக் குடம்பியில் சோதித்தது? எழுத்தில் பதில் தராதவரின் போத்தலை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு ஒரு பெட்டி டி.சி.பி.எஸ். தட்டும், சைபன் குழாயும், நல்ல தேய்ப்புக் கட்டையும் வாங்கலாம்.